பழைய வில்லுக்குப் புது நாண்

உப்புக்காற்றுக் கரையில் ரீகர்வ் வில்லைச் சீரமைக்கும் முறை

ராமநாதபுரத்தில் விஜயதசமி என்றால் மகர்நோன்பு. சாமி திடலுக்கு எழுந்தருளி அம்பு விடுவதைப் பார்க்க ஊரே திரளும். சடங்கு வில்லுக்குப் பூசாரி இருக்கிறார். விளையாட்டு வில்லுக்கு நாம்தான் பார்க்க வேண்டும். கல்லூரி நாளில் வாங்கிப் பரணில் ஏற்றியது, சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கியது, அண்ணன் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது என்று எப்படி வந்த வில்லானாலும் சரி, மரத்தால் ஆன ரைசரும் (நடுக் கைப்பிடிப் பகுதி) கண்ணாடியிழை ஒட்டிய இரண்டு லிம்புகளும் (வளையும் கைகள்) கொண்ட ரீகர்வ் வில்லை மீண்டும் எய்யும் நிலைக்குக் கொண்டுவருவதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

வில்லைக் கெடுப்பது வயது என்று நினைக்கிறோம். இந்தக் கரையில் வயதைவிட வேகமாக வேலை செய்வது உப்பு. மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரை வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் காற்று கடலைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வரும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்குத் தொடர்ந்து பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு பிரிவு வைத்திருந்ததும் சும்மா இல்லை.

உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். துடைக்காத உப்பின் மேல் வார்னிஷ் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். ஆறு மாதத்தில் பூச்சு கொப்புளிக்கும். எனவே வேலையின் வரிசை முக்கியம்: சோதனை, கழுவல், பூச்சு, நாண், அளவு. பெரும்பாலோர் முதலில் புது நாண் வாங்கி மாட்டி இழுத்துப் பார்க்கிறார்கள். கடைசியில் செய்ய வேண்டியது அது.

1. கையில் இருப்பது எந்த வில்?

லிம்பின் உட்புறத்திலோ ரைசரின் ஓரத்திலோ இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வில்லின் நீளம்: 62, 66, 68, 70 அங்குலம் என்று. மற்றது இழுவிசை. 28 அங்குல இழுப்பில் 30 பவுண்டு என்று இருந்தால், நாணை அந்த அளவு இழுத்துப் பிடிக்கும்போது விரலில் விழும் பாரம் 30 பவுண்டு. கை நீளமானவருக்கு ஒவ்வொரு கூடுதல் அங்குலத்துக்கும் ஏறத்தாழ 2 முதல் 3 பவுண்டு ஏறும். இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நாணின் நீளமும் இழைகளின் எண்ணிக்கையும் இவற்றிலிருந்துதான் வரும். எழுத்து அழிந்திருந்தால், நாண் இல்லாத வில்லை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை, லிம்பின் வளைவை ஒட்டியே டேப்பால் அளந்தால் நீளம் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய ஜமீன் வீடுகளிலும் குலதெய்வக் கோயில்களிலும் கொம்பு, நரம்பு, மரம் மூன்றையும் ஒட்டிச் செய்த வில் அபூர்வமாகக் கிடைக்கும். நாண் இல்லாதபோது அது எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கும். அதற்கு நாண் ஏற்ற முயலாதீர்கள். காய்ந்துபோன பசை விட்டுவிட்டால் வில் கையிலேயே வெடிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது. நூறு ஆண்டைக் கடந்த பொருளென்றால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அதற்குப் பொருந்தும். ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் தமிழக தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. சேதுபதிகள் காலத்து ஆயுதங்கள் அங்கே காட்சிக்கு உள்ளன. அங்குள்ள அலுவலரிடம் காட்டிக் கேட்பது நல்லது.

2. சோதனை: ஒரு உருண்டைப் பஞ்சும் ஒரு டார்ச்சும்

பகல் வெளிச்சத்தில் லிம்புகளைக் கழற்றி, பாய் மேல் வையுங்கள்.

மருந்துக்கடைப் பஞ்சில் ஒரு உருண்டை எடுத்து, லிம்பின் ஓரத்தில் அடியிலிருந்து நுனி வரை மெதுவாக ஓட்டுங்கள். விரலைப் போடாதீர்கள், கண்ணாடியிழைச் சிலாம்பு ஏறினால் எடுப்பது பெரும்பாடு. பஞ்சு எங்காவது சிக்கி ஒரு மயிரிழையை விட்டுச் சென்றால், அங்கே இழை கிளம்பியிருக்கிறது. அந்த இடத்தில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள்.

நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் பூச்சில் விழுந்தவை. நகத்தில் தட்டாதவரை பயமில்லை. குறுக்கே ஓடும் கோடு அப்படியல்ல. அதில் நகம் தட்டினால் அந்த லிம்ப் முடிந்தது என்று பொருள்.

அடுத்தது ஒட்டு. லிம்ப் என்பது இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய மரப்பட்டைகளை எப்பாக்சிப் பசையால் ஒட்டிச் செய்தது. ஓரத்தில் கருப்பாக ஒரு கீற்று தெரிந்தால், விசிட்டிங் கார்டின் முனையை அங்கே வைத்துப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. அரால்டைட் ஊற்றிக் கிளாம்ப் போட்டு ஒட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒட்டும், ஆனால் 30 பவுண்டு பாரத்தில் ஆயிரம் முறை வளைந்து நிமிரும் இடத்தில் தாங்காது. வில் உடைவது முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். கழற்றி மாட்டும் வில்லுக்கு லிம்ப் தனியாகக் கிடைக்கிறது. புதிதாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

நுனியில் நாண் உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். அங்கே கூர்மையான விளிம்போ வெட்டோ இருந்தால் புது நாணையும் அறுத்துவிடும். ரைசரில் பார்க்க வேண்டியது லிம்ப் போல்ட் இறங்கும் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, பித்தளை மரை ஆடுகிறதா என்பது. இரண்டில் எது இருந்தாலும் ரைசரை ஒதுக்கிவிடுங்கள்.

3. உப்பை இறக்குதல்

ராமேஸ்வரம் தீவிலும் கடலோரக் கிராமங்களிலும் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் துடைத்தால் உப்பை எடுத்து உப்பையே பூசுவதாகும். குடிக்கிற கேன் தண்ணீரோ காவிரிக் குடிநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்குச் சில சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் போதும்.

பழைய வேட்டித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, துடையுங்கள். தண்ணீரைக் கொட்டக் கூடாது. போல்ட் துளைக்குள் இறங்கும் ஈரம் மரத்தை உப்ப வைக்கும். பிறகு சோப்பு இல்லாத தண்ணீரில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால் துடையுங்கள். கைப்பிடியில் வியர்வையும் எண்ணெயும் ஏறிக் கருத்திருக்கும். அதற்கு டர்பன்டைன் தொட்ட துணி போதும். நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒரு முழு நாள் உலர விடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். லிம்பின் ஒட்டுப்பசைக்குச் சூடு பகை.

போல்ட்டுகளில் துரு இருந்தால் மாற்றிவிடுவதே மேல். பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பல வில்கள் அங்குல மரையில் வரும். நம் கடைகளில் மில்லிமீட்டர் மரைதான் அதிகம். இரண்டு சுற்று ஏறிவிட்டதே என்று மாறான போல்ட்டை முறுக்கினால் பித்தளை மரை போய்விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304, 316 என்று இரண்டு ரகம் பரவலாகக் கிடைக்கும். கடல் காற்றுக்கு 316 தாங்கும். போட் எஞ்சின் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மாட்டும்போது மரையில் துளி கிரீஸ் தடவுங்கள்.

4. பூச்சு

பூச்சின் வேலை உப்பையும் ஈரத்தையும் வெளியே நிறுத்துவது. பளபளப்பு அதன்கூட வருவது.

*எந்தப் பூச்சு?* நம் ஆசாரிகள் மேசை, கதவுக்குப் போடும் பிரெஞ்சு பாலிஷ் பார்க்க அழகு. ஆனால் அது அரக்கும் ஸ்பிரிட்டும் சேர்ந்தது. ஈரக்காற்றில் வெளுக்கும், வியர்வைக் கையில் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் மரத்துக்கு நல்லதுதான், ஆனால் அது மட்டும் உப்பைத் தடுக்காது. இந்தக் கரைக்கு ஒற்றைக் கலவை பி.யூ. (பாலியூரித்தேன்) வார்னிஷ் போதும். இரண்டு டின் கலக்கும் வகை இன்னும் கெட்டி; அதன் ஆவி மூச்சுக்குக் கேடு, வீட்டுக்குள் வேண்டாம்.

*எப்போது?* பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தோதான காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு காயாது. கச்சான் காலத்தில் காற்றோடு மணலும் வந்து ஒட்டும். எந்த மாதமானாலும் பனியீரம் போன பிறகு, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் பூசி முடித்து, கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

*ரைசருக்கு:*

1. லிம்ப் உட்காரும் பள்ளங்களையும் போல்ட் துளைகளையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். அங்கே உப்புத்தாளோ வார்னிஷோ படக் கூடாது. ஒரு தாள் கனம் ஏறினாலும் லிம்பின் கோணம் மாறும்.
2. 220 நம்பர் உப்புத்தாளால் மர ரேகையின் வழியே தேயுங்கள். பழைய பூச்சு கெட்டியாக இருந்தால் மினுமினுப்பு மங்கும் வரை தேய்த்தால் போதும், மரம் வரை போகத் தேவையில்லை. உரிந்த இடத்தில் மட்டும் மரம் தெரியத் தேய்த்து, பிறகு 320-இல் முடியுங்கள்.
3. இரும்புக் கம்பளி வேண்டாம். அதன் துகள் மரத் துளையில் தங்கி, அடுத்த மழைக்குள் துருப்புள்ளியாகத் தெரியும். பச்சை ஸ்கிரப்பர் நல்லது.
4. வார்னிஷில் பத்துக்கு ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து, பஞ்சு வராத துணியில் தொட்டு மெலிதாகத் தடவுங்கள். தூரிகையைவிடத் துணியில் வழியல் குறைவு.
5. ஒரு நாள் விட்டு, 400 நம்பரில் லேசாகத் தேய்த்து, துடைத்து, அடுத்த பூச்சு. நான்கு, ஐந்து மெல்லிய பூச்சு போடுங்கள். இரண்டே தடவையில் கனமாக அடித்தால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும்.
6. கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு வாரம் லிம்பை மாட்டாதீர்கள். மாட்டினால் பள்ளத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது பூச்சோடு பிய்ந்து வரும்.

*லிம்புகளுக்கு:* இங்கே கை அடங்க வேண்டும். கண்ணாடியிழை வெளியே தெரியும் வரை தேய்த்தால் லிம்பின் பலத்தையே தேய்த்துவிடுகிறீர்கள். 600 நம்பர் ஈரத்தாளால் மேல்பூச்சை மட்டும் மங்கலாக்கி, இரண்டு மெல்லிய பூச்சு. ஓரங்களைத் தவறவிடாதீர்கள், ஒட்டுக்கோடு இருப்பது அங்கேதான். பெயிண்ட் ரிமூவர், ஹீட் கன் இரண்டும் லிம்பின் கிட்டே வரக் கூடாது. தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள். தூசியைக் காற்றில் ஊதாமல் ஈரத்துணியால் எடுங்கள்.

ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் நனைத்துக் குப்பையில் சேருங்கள்.

5. நாண்

*நீளம்.* வில்லின் நீளத்தில் 4 அங்குலம் கழித்தால் நாணின் நீளம். 62 அங்குல வில்லுக்கு 58, 66-க்கு 62, 68-க்கு 64. கடையில் வாங்கும்போது வில்லின் நீளத்தைச் சொல்கிறீர்களா, நாணின் நீளத்தைச் சொல்கிறீர்களா என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தவறான நாண் வருவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்.

*நூல்.* பழைய வில்லுக்கு டாக்ரான். பி-50, பி-55 என்ற பெயர்களில் வரும் பாலியெஸ்டர் நூல் இது. கொஞ்சம் நெகிழும், அந்த நெகிழ்ச்சி அம்பு விட்டபின் வரும் அதிர்வைத் தாங்கி, லிம்பின் நுனியைக் காப்பாற்றும். ஃபாஸ்ட் ஃபிளைட் போன்ற பாலிஎத்திலீன் நூல்கள் 1980-களில் வந்தவை. நெகிழ்வு குறைவு, அம்பு வேகமாகப் போகும். ஆனால் நுனிக்குக் கூடுதல் பலம் கொடுக்காத பழைய வில்லில் மாட்டினால் நுனியைப் பிளந்துவிடும். உங்கள் வில் அதற்கென்றே செய்யப்பட்டது என்று எழுதியிருந்தால் ஒழிய டாக்ரானைத் தாண்டாதீர்கள்.

பாம்பனிலும் மண்டபத்திலும் வலைச்சாமான் கடையில் விதவிதமாக நூல் தொங்குவதைப் பார்த்தால் ஆசை வரும். தங்கூசி நரம்பும் நைலான் வலைநூலும் மீனை இழுக்க நெகிழ வேண்டும். அதே நெகிழ்ச்சி நாணுக்கு ஆகாது. ஒவ்வோர் அம்புக்கும் அளவு மாறும். பின்னல் தூண்டில் நூலை மட்டும் நாணின் நடுவில் சுற்றுக்கட்டுப் போடப் பயன்படுத்தலாம். அது உரசலைத் தாங்கும்.

*இழை எண்ணிக்கை (டாக்ரான்):*

- 25 முதல் 35 பவுண்டு வரை: 10 இழை
- 35 முதல் 45 பவுண்டு வரை: 12 இழை
- 45 முதல் 55 பவுண்டு வரை: 14 இழை

*கட்டும் முறை.* ஆறடி ரீப்பர் கட்டை ஒன்று. அதன் இரு முனையிலும் சுழலும் சிறு குறுக்குக்கட்டை. ஒவ்வொன்றிலும் இரண்டு வழவழப்பான முளை. குறுக்குக்கட்டைகளை நீளவாக்கில் திருப்பி வைத்து, வெளி முளைக்கும் வெளி முளைக்கும் உள்ள தூரத்தை நாண் நீளத்துக்குப் பொருத்துங்கள். நூலை ஒரே இழுவிசையில் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு இழை. பத்து இழைக்கு ஐந்து சுற்று.

இனிக் கட்டைகளைக் குறுக்காகத் திருப்பினால், ஒவ்வொரு முனையிலும் இரண்டு முளைக்கு நடுவே நூல் நிற்கும். அங்கே நைலான் நூலால் நெருக்கமாகச் சுற்றுக்கட்டுப் போடுங்கள்: மேல் கண்ணிக்கு நான்கு அங்குலம், கீழ்க் கண்ணிக்கு மூன்று. நூல் முனைகள் இந்தக் கட்டுக்குள் மறைய வேண்டும். பிறகு கட்டைகளை மீண்டும் நேராக்கினால் கட்டுப் போட்ட பகுதி மடிந்து கண்ணியாகும். இரு பக்க இழைகளையும் சேர்த்து, லிம்பின் வளைவில் நாண் படும் இடத்தைத் தாண்டும் வரை சுற்றிக்கொண்டே வாருங்கள். கடைசிப் பத்துச் சுற்றை நூல் முனையின் மேலேயே சுற்றி, முனையை இழுத்து இறுக்கினால் முடிச்சு வெளியே தெரியாது.

சுற்று ஒவ்வொன்றும் அடுத்ததை உரசி நிற்க வேண்டும். நகத்தை வைத்துத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அவிழ்த்து மறுபடியும் சுற்றுங்கள். அம்பு மாட்டும் நேரத்தில் நகர்வதைவிட இப்போது நகர்வது மேல்.

6. நாணேற்றி அளவு பார்த்தல்

காலுக்கிடையில் வில்லைக் கொடுத்து வளைத்து நாணேற்றும் பழக்கம் லிம்பைத் திருகிவிடும். ஸ்ட்ரிங்கர் என்னும் கயிற்றைப் பயன்படுத்துங்கள். மேல் கண்ணியை லிம்பில் நுழைத்துக் கீழே தள்ளி, கீழ்க் கண்ணியைப் பள்ளத்தில் உட்கார வைத்து, ஸ்ட்ரிங்கரின் இரு முனைகளையும் லிம்ப் நுனிகளில் மாட்டுங்கள். கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு வில்லை மேலே தூக்கினால் லிம்புகள் வளையும். மேல் கண்ணியைத் தள்ளிப் பள்ளத்தில் உட்கார வையுங்கள். முகத்தை வில்லின் நேருக்கு வைக்காதீர்கள். இரண்டு கண்ணியும் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே காலை எடுங்கள்.

வில்லை நாற்காலி முதுகில் சாய்த்து வைத்து, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நாண் இரண்டு லிம்பின் நடுவையும் இரண்டு போல்ட்டையும் பிளந்துகொண்டு போக வேண்டும். ஒரு பக்கமாகச் சரிந்தால் லிம்ப் திருகியிருக்கிறது; பயிற்சியாளரிடம் காட்டாமல் மேலே போகாதீர்கள்.

அடுத்தது பிரேஸ் ஹைட்: கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம். தயாரிப்பாளர் சொன்ன அளவு தெரிந்தால் அதையே வையுங்கள். தெரியாவிட்டால் இதிலிருந்து தொடங்கலாம்:

- 62 அங்குல வில்: 7½ முதல் 8¼
- 66 அங்குல வில்: 8¼ முதல் 8¾
- 68 அங்குல வில்: 8½ முதல் 9
- 70 அங்குல வில்: 8¾ முதல் 9¼

அளவு குறைவாக இருந்தால் நாணை இறக்கி, மூன்று நான்கு முறுக்கு ஏற்றுங்கள். கூடினால் தளர்த்துங்கள். நாணின் நடுச் சுற்றுக்கட்டு எந்தத் திசையில் சுற்றியிருக்கிறதோ, அதை இறுக்கும் திசையிலேயே முறுக்க வேண்டும். புது டாக்ரான் முதல் சில நாட்களில் நீளும், பிறகு நிலைக்கும். அதுவரை எய்யும் முன்பும் பின்பும் அளந்து பாருங்கள்.

அம்பு மாட்டும் இடத்துக்கு, அம்புத்தாங்கியிலிருந்து நாணுக்குச் செங்குத்தாகக் கோடு பிடித்து, அந்தக் கோட்டுக்குக் கால் முதல் அரை அங்குலம் மேலே ஒரு நூல் முடிச்சுப் போடுங்கள்.

இனி முதல் இழுப்பு. கால்வாசி, பாதி, முக்கால் என்று ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, மெதுவாகவே திரும்ப விடுங்கள். "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டாலும் நிறுத்தி, பஞ்சுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அம்பில்லாமல் நாணை ஒருபோதும் விடாதீர்கள். அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய விசை முழுவதும் லிம்பிலேயே இறங்கும்; நல்ல வில்லும் ஒரே தடவையில் போய்விடும்.

எய்து பார்க்கக் கடற்கரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆளில்லாத மணல் என்று தோன்றும் இடத்தில் வலை காயப்போட ஒருவர் வருவார், சங்கு பொறுக்கப் பிள்ளைகள் வருவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பறவையையோ மீனையோ குறிபார்ப்பது குற்றம். பயிற்சித் திடலில், பின்னால் தடுப்பு வைத்து, பத்து மீட்டரில் தொடங்குங்கள்.

7. இனிமேல்

*ஒவ்வொரு முறை எய்த பின்:* நாணை இறக்கி, வில்லைக் குடிதண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள்.

*இரண்டு வாரத்துக்கு ஒருமுறை:* நாணில் தேன்மெழுகு அல்லது நாண் மெழுகு தடவி, தோல் துண்டால் சூடு வரத் தேயுங்கள். மெழுகு இழைகளுக்குள் இறங்கும். சுற்றுக்கட்டின் மேல் மெழுகு வேண்டாம்.

*மாதம் ஒருமுறை:* போல்ட்டைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தொட்டு மாட்டுங்கள். பஞ்சுச் சோதனையும் அன்றைக்கே.

*வைக்கும் இடம்:* தகரக் கூரைக்கு அடியிலும், வெயிலில் நிற்கும் காரிலும், மேற்குச் சுவரிலும் வேண்டாம். இரண்டு முளை அடித்துக் கிடைமட்டமாக வையுங்கள்; ஒரு நுனியில் தொங்கவிடவோ மூலையில் சாய்க்கவோ கூடாது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பிடிக்கும், துணி உறை தைத்துக்கொள்ளுங்கள்.

*நாண் மாற்ற வேண்டிய நேரம்:* ஓர் இழை அறுந்தாலும் மாற்றுங்கள். கண்ணிக் கட்டு பிரிந்து உள் இழை தெரிந்தாலும், முறுக்கு ஏற்றியும் பிரேஸ் ஹைட் நிற்காவிட்டாலும் அப்படியே. இப்போதே இரண்டாவது நாண் ஒன்றைக் கட்டி, கொஞ்ச நாள் எய்து நீளத்தை நிலைப்படுத்தி, வில்லின் நீளத்தையும் முறுக்கின் எண்ணிக்கையையும் ஒரு சீட்டில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். போட்டியன்று காலையில் முதல் நாண் அறுந்தாலும் மாட்டியதும் எய்யலாம்.